உப்புக்கொத்தி

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். இரண்டரைப் பக்கம். அதில் ஒரு வாக்கியம் மட்டும் பலருக்கு ஞாபகம் இருந்தது: 'இக்கவிதைகளில் பறவைப் பெயர்கள் இருக்கின்றன, பறவைகள் இல்லை.' பிறகு சந்தித்த நாலைந்து பேர் இதைத் திருப்பிச் சொல்லிக் கையைக் குலுக்கினார்கள். எனக்கும் அந்த வாக்கியத்தின் மேல் பிரியம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுதி முடித்த இரவு அதை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மதிப்புரையின் மீதிப் பகுதியை அந்த வாக்கியத்துக்குப் பொருந்துமாறு திருத்தி எழுதினேன் என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது.

நண்பர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் கவிதையும் எழுதவில்லை, அல்லது எதையும் பிரசுரிக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மூன்று வருஷத்தில் இரண்டு தடவை ஃபோனில் பேசியிருப்போம். அதில் ஒன்று, இருவருக்கும் தெரிந்த ஒருவர் காலமானதைச் சொல்வதற்கு.

சென்ற மார்கழிக் கடைசியில் அவரே கூப்பிட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். "காமிரா வாங்கியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். பொங்கல் லீவுல வாங்களேன், கோடியக்கரைக்குப் போவோம்" என்றார். மதிப்புரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வருகிறேன் என்றேன். வராமலிருக்க ஒரு காரணம் தேடி இரண்டு நாள் செலவழித்தேன் என்பது வேறு விஷயம்.

காமிரா உண்மைதான். பாங்கில் பண்டிகை முன்பணம் வாங்கி, பெங்களூரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கியது. முந்நூறு மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு லென்ஸும் சேர்த்து. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பத்து வருஷமாகப் 'படிமம்' என்ற சொல்லைக் கட்டுரைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு, தன் கண்ணால் எதையாவது பார்த்திருக்கிறோமா என்ற சந்தேகம் ஒரு வயதில் வரும்போலிருக்கிறது.

வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பறவைப் பரிச்சயம் குறைவு. காக்கை, மைனா, மசூதி மாடத்துப் புறாக்கள், தோல் மண்டிகளின் மேல் வட்டமிடும் பருந்து. பாலாறு எனக்குத் தெரிந்த நாளிலிருந்து மணல்தான். வெள்ளம் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். ஆனால் உப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அறுத்த மாட்டின், ஆட்டின் தோல் அழுகாமல் இருக்க அதன் மேல் உப்பைப் பரப்பி அடுக்கிவைப்பார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை உதறுவதும், தோலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதும். கழுவிய நீர் ஓடைக்கும் ஆற்றுக்கும் போய், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கிணறுகள் உவர்த்தன. 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் அது பாடம். எங்கள் தெருவில் குடிதண்ணீர் கேனில் வருகிறது. அந்த உப்பு எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது என்று சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் யாரிடமும் கேட்டதில்லை.

திருவண்ணாமலை, விழுப்புரம், கும்பகோணம் என்று இரவு முழுவதும் பஸ் மாறி, விடிகிற நேரத்தில் வேதாரண்யத்தில் இறங்கினேன். நண்பர் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "தூங்கினீங்களா?" என்றார். ஊரைத் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி. சாலையின் இரு பக்கமும் உப்புப் பாத்திகள், கீற்றுப் போர்த்திய உப்புக் குவியல்கள். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு எடுத்தது இங்கேதான். ஸ்தூபி இருக்கிறது. அரையிருட்டில் குவியல்களின் வெள்ளை மட்டும் தெரிந்தது. ஒரு கணம், தோல் மண்டியின் பின்கட்டில் நிற்பது போல இருந்தது. வாசனைதான் இல்லை.

கோடி என்றால் முனை. வடக்கேயிருந்து இறங்கி வருகிற சோழமண்டலக் கரை இந்த இடத்தில் மடங்கி மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் ஜலசந்தி, அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். 1967-ல் இங்கே சரணாலயம் அறிவித்தார்கள், முக்கியமாக வெளிமானுக்காக. 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வாட்சரையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனோம். வாட்சருக்கு ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் திரும்பும்போது அது அங்கேயே இருந்தது.

காட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பாலை மரங்கள், அடியில் முள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்த அடிமரங்களில் சில இன்னும் கிடந்தபடியே கிடக்கின்றன. புல்வெளியில் வெளிமான்கள் நின்றன. முறுக்கிய கொம்புள்ள கருத்த ஆண் ஒன்று தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. நாற்பது படம் எடுத்தேன். காலண்டரில் வருகிற மாதிரி எல்லாம் நன்றாகவே வந்தன. எப்போதோ யாரோ விட்டுப்போய்க் காட்டுத்தனமாகிவிட்ட குதிரைகளும் உண்டு. அவற்றைப் பார்த்தால் எனக்கென்னவோ ரிடையரான குமாஸ்தாக்கள் ஞாபகம் வந்தது. படம் எடுக்கவில்லை.

புல்வெளியிலிருந்து ஒரு சின்னப் பறவை நேராக மேலே எழும்பிப் பாடிவிட்டு இறங்கியது. "வானம்பாடி" என்றார் நண்பர். நான் சிரித்துவிட்டேன். நம் வட்டத்தில் வானம்பாடி என்றால் 1971-ல் கோவையிலிருந்து வந்த பத்திரிகை, அந்த இயக்கம், அதோடு நாம் போட்ட சண்டை. அந்தப் பெயரில் மண் நிறத்தில் ஒரு ஜீவன் உண்டென்பது எனக்குத் தெரியும், ஆனால் தெரியாது. பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் கீட்ஸின் நைட்டிங்கேலையும் ஷெல்லியின் ஸ்கைலார்க்கையும் பத்து மார்க் கேள்விக்காகப் படித்தவன் நான். இரண்டையும் நான் பார்த்ததில்லை. பாடம் நடத்திய பேராசிரியரும் பார்த்ததில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்கினேன்.

காடு முடிந்து சதுப்பு ஆரம்பிக்கிறது. கடற்கரை என்றால் மணலும் அலையும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவனுக்கு இது கரையாகவே தோன்றாது. எங்கே நிலம் முடிகிறது, எங்கே நீர் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. கணுக்கால் அளவு நீர், சாம்பல் நிறச் சேறு, அதன் மேல் வெயிலில் காய்ந்த உப்பின் மெல்லிய பொருக்கு, மறுபடி நீர். கண்ணுக்கெட்டிய தூரம் மனிதர் இல்லை. அந்தத் தட்டையான வெளியில் முதலில் ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன். லென்ஸைக் கண்ணில் வைத்து நிதானமாக இடமிருந்து வலமாக நகர்த்தியபோது, சேறு என்று நான் நினைத்த இடமெல்லாம் அசைந்தது.

நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் சேற்று நிறம். சில என் உள்ளங்கைக்குள் அடங்கும். கொசு உள்ளான் என்று ஒன்றைக் காட்டினார் வாட்சர். முப்பது கிராமுக்குள்தான் எடை. சைபீரியாவின் வட கோடியில் பனி உருகுகிற சிறிது காலத்துக்குள் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. தூரத்தில் கீழ்நோக்கி வளைந்த நீண்ட மூக்கோடு நின்ற பெரியது குதிரைமலைக் கோட்டான். நீரோரமாக ஆலாக்கள், எல்லாம் காற்றை எதிர்த்து ஒரே திசையில் முகம் வைத்து. வாட்சர் பெயர் சொல்லும்போது விரலை நீட்டவில்லை. மோவாயை லேசாகத் தூக்கிக் காட்டினார். விரலை நீட்டினால் அவை நகர்ந்துவிடுமாம்.

அப்போது பத்தடி தூரத்தில் ஒன்று ஓடியது. உருண்டைத் தலை, குட்டை மூக்கு, பெரிய கண். ஓடிற்று, நின்றது, குனிந்து ஒரு கொத்து, நிமிர்ந்தது, மறுபடி ஓட்டம். நிற்கிறது என்று நான் பொத்தானை அமுக்கினால் படத்தில் காலி இடம் இருந்தது. ஓடுகிறது என்று காமிராவை முன்னே நகர்த்தினால் பின்னால் நின்றுகொண்டிருந்தது. இருபது படம் வீணாயிற்று. "இது என்ன?" என்று வாட்சரைக் கேட்டேன்.

"அதுங்களா, உப்புக்கொத்தி சார்."

நான் நண்பரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதே சரி. அவருடைய தொகுப்பில் அந்தத் தலைப்பில் ஒரு கவிதை இருக்கிறது. மதிப்புரையில் நான் அதைத்தான் உதாரணம் காட்டியிருந்தேன். 'உப்புக்கொத்தி போன்ற செயற்கையான சொற்சேர்க்கைகள்' என்று எழுதியிருந்தேன். பறவைக்கு இப்படி ஒரு பெயர் இருக்க முடியாது, கவிஞர் உட்கார்ந்து செய்தது, உப்பு என்பதன் மேல் குறியீட்டுச் சுமையை ஏற்றுவதற்காகப் பண்ணியது என்பது என் வாதம். ஒரு அகராதியைத் திறந்து பார்க்கவில்லை. பேராசிரியர் க. ரத்னம் தமிழ்ப் பறவைப் பெயர்களையெல்லாம் திரட்டிப் புத்தகமாகவே போட்டிருக்கிறார், அதையும் தேடவில்லை. ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மதிப்புரையில் இன்னொரு வாக்கியமும் உண்டு. 'வரிகள் காரணமின்றி உடைகின்றன.' கவிதை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்று சொல், நிறுத்தம். ஒரு சொல், நிறுத்தம். பிறகு நீளமாக ஒரு வரி. சேற்றில் நின்று அந்தப் பறவையை அரை மணி நேரம் காமிராவில் துரத்திய பிறகு, உடைந்தது வரியல்ல, அந்தப் பறவையின் நடை அப்படி என்று தெரிந்தது. என் காமிராவுக்குப் பிடிபடாததை அவர் பேனாவால் ஓரளவு பிடித்திருந்தார். ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், கவிதை பின்பாதியில் பறவையை விட்டுவிட்டு மனித வாழ்வைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். அதை இப்போதும் என்னால் ஏற்க முடியாது.

பதினொரு மணிக்கு வெயில் ஏறி, நீர்ப்பரப்பெல்லாம் கானலாடத் தொடங்கியது. இனி படம் தெளிவாக வராது என்று காட்டோரம் திரும்பி ஒரு பாலை மர நிழலில் உட்கார்ந்தோம். நண்பர் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நடுப்பகல் முழுவதும் அங்கேதான். பேச்சு இலக்கியத்துக்குப் போவதைத் தவிர்க்க முடியவில்லை. இருவரும் மதிப்புரையைச் சுற்றி வளைத்துப் போனோம்.

நவீன கவிதையில் பறவை என்று வந்தால் பெரும்பாலும் அது 'பறவை'தான். இனமில்லை, நிறமில்லை, எதைத் தின்கிறது என்று தெரியாது. பறக்கும், கூண்டில் இருக்கும், சிறகு உதிர்க்கும். சுதந்திரம் என்று எழுத வெட்கப்படுகிறவர்கள் பறவை என்று எழுதுகிறார்கள் என்றேன். நண்பர் உடன்படவில்லை. பிரமிளின் 'காவியம்' என்ன ஆயிற்று என்றார். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு அதை நான் எடுத்தெழுத வேண்டியதில்லை. அதில் எந்தப் பறவை என்று இல்லை, இருந்திருந்தால் கவிதை கெட்டிருக்கும். கழன்று விழும் ஓர் இறகுக்குப் பெயர் தேவையில்லை என்றார். நியாயம்தான். ஆனால் அதைப் பார்த்து எழுதிய நூறு பேருக்கு அந்த நியாயம் பொருந்தாது என்றேன். பிறகு இருவரும் சற்று நேரம் ஜலசந்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரமிள் 1939-ல் பிறந்தது இந்த நீருக்கு அப்பால், திருகோணமலையில். 1997 ஜனவரியில் அவர் இறந்தது எங்கள் பக்கம், வேலூருக்கு அருகே கரடிக்குடியில். வாணியம்பாடியிலிருந்து ஒரு காலை நேரத்தில் போய் வரக்கூடிய தூரம். நான் போனதில்லை.

பழைய கவிகளிடம் இந்தச் சிக்கல் இல்லை. குறுந்தொகையில் கபிலர் ஒரு களவுக்குக் குருகைச் சாட்சியாக வைக்கிறார். அது ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு. காதலர்களை அது பார்க்கவில்லை, அதன் கவனம் மீன் மேல். சாட்சி பயனற்றுப் போவதன் துயரம் அந்தப் பறவை எதைத் தின்னும் என்று கவிக்குத் தெரிந்திருப்பதில் இருக்கிறது. சத்திமுத்தப் புலவர் மனைவிக்குச் சொல்லி அனுப்பிய செங்கால் நாரையும் அப்படித்தான். தெற்கே குமரி வரை போய்விட்டு வடக்கே திரும்பும் என்பது அவருக்குத் தெரிகிறது. வலசை என்பதை அவர் படிமமாக யோசிக்கவில்லை, தபால் வசதியாக யோசிக்கிறார். போகிற வழியில் ஊர் இருக்கிறது, அதனால் சொல்கிறார்.

மா. கிருஷ்ணனைப் பற்றியும் பேச்சு வந்தது. மாதவையாவின் மகன். 'பத்மாவதி சரித்திர'த்தைத் தமிழ் நாவல் வரலாற்றில் இடம் கொடுத்து ஆராய்கிற நாம், அவர் மகனைக் காட்டிலாகா விவகாரம் என்று ஒதுக்கிவைத்தோம். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடர்ந்து எழுதியவர். தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று கொண்டுவந்த பிறகுதான் நான் படித்தேன். கச்சிதமான உரைநடை. சொன்னதையே அலங்கரித்துத் திருப்பிச் சொல்கிற நோய் இல்லை. படமெடுத்தது கறுப்பு வெள்ளையில். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட ஒரு பூதத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் காலத்து ஃபிலிமில் முப்பத்தாறு படத்துக்கு மேல் கிடையாது. யோசித்துத்தான் அமுக்க வேண்டும். நான் அன்று மத்தியானத்துக்குள் அறுநூறு தடவை அமுக்கியிருந்தேன்.

மூன்றரை மணிக்கு மறுபடி சதுப்புக்குப் போனோம். அந்த நேரத்தில்தான் பூநாரைகளைப் பார்த்தது. தூரத்தில் நீருக்கு மேல் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு நீண்ட கோடு. லென்ஸில் அது கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. தலையைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, மூக்கால் சேற்று நீரை வடிகட்டித் தின்றுகொண்டு, ஒட்டுமொத்தமாக ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. அந்த நிறம் பிறவியில் வந்ததல்ல, தின்கிற இரையிலிருந்து ஏறுவது. கட்ச் ரண்ணின் உப்பு வெளியில் கூடு கட்டுபவை. பல நூறு இருக்கும். நண்பர் நோட்டைத் திறந்து பத்துப் பத்தாக எண்ண ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது.

எனக்குப் பறக்கிற படம் வேண்டியிருந்தது. இறக்கையை விரித்தால்தான் உள்ளே கருஞ்சிவப்பும் கறுப்பும் தெரியும். அந்த மாதிரிப் படங்களைத்தான் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பறக்க வேண்டுமென்றால் அவை நீர் மேல் கொஞ்ச தூரம் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டமும் படத்துக்கு நல்லது. நான் குனிந்தபடி முன்னே நடந்தேன். "அந்தாண்ட போவாதீங்க சார், சேறு இழுக்கும்" என்றார் வாட்சர். முழங்காலுக்குக் கீழே வரைதான் இழுத்தது. இன்னும் இருபதடி. ஒரு கழுத்து நிமிர்ந்தது, பிறகு பத்து, பிறகு எல்லாம். தின்பது நின்றுவிட்டது. அப்போது நின்றிருக்கலாம். இன்னும் நாலு எட்டு வைத்தேன்.

எழும்பின. அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆயிரம் ஈரத்துணியை ஒரே சமயத்தில் உதறுவது போல. விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன். தலைக்கு மேல் ஒரு சுற்று வந்து, இறங்க மனமில்லாமல், மேற்கே உப்பளங்களின் பக்கம் போய் மறைந்தன. அவற்றோடு சேர்ந்து சேற்றிலிருந்த சின்னதுகளும் கிளம்பிவிட்டன. சதுப்பு காலியாயிற்று. அரை நிமிஷத்துக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று புதிதாக வருகிறவனிடம் சொன்னால் நம்பமாட்டான்.

திரும்பி வந்தேன். நண்பர் நோட்டை மூடி வைத்திருந்தார். "எத்தனை?" என்றேன்.

"முந்நூத்தி எண்பது வரைக்கும் வந்தேன்" என்றார். கோபமில்லை. சற்றுப் பொறுத்து, "அங்கங்க நாள் பூரா தின்னாத்தான் திரும்பிப் போறதுக்கு உடம்புல கொழுப்பு சேரும். பெரிசுக்குப் பரவால்ல. அந்தச் சின்னதுங்களுக்குத்தான் ஒவ்வொரு தடவை கிளம்புறதும் கணக்கு" என்றார். வாட்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் தடுத்திருக்க வேண்டும், அது அவர் வேலை. ஆசிரியரின் விருந்தாளி என்பதால் சும்மா இருந்தார்.

கிளப்பிவிட்டுப் பார்ப்பது எனக்குப் பழகிய காரியம். ஒரு புத்தகம் அமைதியாக எதையோ தின்றுகொண்டிருக்கும். அது எழும்பினால் என் பத்தி நன்றாக வரும். அது மறுபடி எங்கே இறங்கிற்று என்று போய்ப் பார்த்ததில்லை. இதை அன்றைக்கு நினைத்தேனா, பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று நினைத்தது, படம் கூர்மையாக வந்திருக்கிறதா என்பதைத்தான். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு காமிராவின் பின்திரையில் பார்த்தேன். வந்திருந்தது.

இருட்டும் நேரத்தில் வெளியே வந்து மீனவர் குடியிருப்பின் பக்கம் ஒரு கடையில் டீ குடித்தோம். வெளியூர்ப் படகுகளும் வந்து தங்கும் பருவம். கருவாட்டு வாசனை காற்றில் இருந்தது. கடல் அந்தப் பக்கம் இருட்டாக இருந்தது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட செங்கல் இடிபாடு ஒன்று அங்கே கரையில் நின்றுகொண்டிருந்ததாம். 2004 சுனாமி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் ஆரம்பித்தேன். "சார், அந்த உப்புக்கொத்தி விஷயம்."

"அதுவா?" என்றார். கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "பறவை இல்லைன்னு நீங்க எழுதினது தப்பில்ல. அந்தக் கவிதை பாதிக்கு மேல வரலை. எனக்கே தெரியும். ஆனா பேரை நான் பண்ணலை."

"ஆமாம்."

"இங்க முப்பது நாப்பது வருஷமா பறவை பிடிச்சு வளையம் போட்டுட்டு இருக்காங்க. பம்பாய் நேச்சுரல் ஹிஸ்டரி சொஸைட்டிக்காரங்க. அவங்களுக்குக் கூடமாட வேலை செஞ்சவர்தான் எனக்கு அந்தப் பேரைச் சொன்னார். அவர் கவிதை படிச்சதில்ல. அவர் பேரைப் பொய்னு நீங்க எழுதிட்டீங்களேன்னுதான் இருந்துது."

நான் கவிதையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். இப்படி ஒரு மனிதர் அந்த மதிப்புரைக்குள் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவர் இப்போது இல்லை என்றார் நண்பர்.

ஏன் எழுதுவதில்லை என்றும் கேட்டேன். அவர் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, இடம், அலை ஏற்றமா இறக்கமா, பெயர், எண்ணிக்கை. 1987-லிருந்து ஆசியா முழுவதும் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். அவர் ஜனவரியோடு நிறுத்தாமல் வாராவாரம் எண்ணுகிறார். பதினொரு நோட்டு ஆகிவிட்டதாம். "கவிதைக்கு இது தேவல. தப்பா எண்ணிட்டா திரும்ப எண்ணிக்கலாம்" என்றார். நான் சங்கடப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா என்று எனக்குப் புரியவில்லை. நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தின் ஓரத்தில், எண்களுக்குப் பக்கத்தில், இரண்டு சொல் எழுதி அடித்திருந்தது. வாசிக்க முடியாதபடி அழுத்தமாக அடித்திருந்தது. அன்றைய தேதியில் பூநாரை என்ற இடத்தில் 380 என்று போட்டு, ஒரு கூட்டல் குறி போட்டு, 'கலைந்தது' என்று எழுதியிருந்தார். யாரால் என்று எழுதவில்லை.

வாணியம்பாடிக்கு வந்து ஒரு வாரம் படங்களைப் பார்த்தேன். பூநாரைப் படம் ஒன்று மிக நன்றாக இருக்கிறது. முன்னணியில் மூன்று பறவை, நீரை மிதித்தபடி, பின்னால் சிவந்த மேகம் போல மீதி. பாங்கில் காட்டினேன். மேனேஜர் தன் அறையில் மாட்ட ஒரு பிரதி கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை. நண்பருக்கும் அனுப்பவில்லை. அவர் கேட்கவுமில்லை.

வீணான படங்களை அழிக்கலாம் என்று காலையில் எடுத்தவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த உப்புக்கொத்தியின் படங்களில் ஒன்றில், பறவை முக்கால்வாசி சட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டிருக்க, பின்னங்கால் மட்டும் உள்ளே இருந்தது. காலில் சின்னதாக ஒரு கொடி. வலையில் பிடித்துக் கட்டி அனுப்பியது. அதில் எழுத்தும் எண்ணுமாக மூன்று குறி. அதைப் படித்துவிட்டால், எந்த வருஷம், எந்தக் கரையில் அதைக் கட்டினார்கள் என்று தெரிந்துவிடும். அன்றைக்கு நான் எடுத்த அறுநூற்றுச் சொச்சம் படங்களில் யாருக்காவது உபயோகமானது இது ஒன்றுதான், அதுவும் கை அசைந்து எடுத்தது.

நண்பருக்கு ஃபோன் செய்தேன். இரண்டு குறி தெளிவாக இருக்கிறது, கடைசி எண் ஒன்றா ஏழா என்று சொல்ல முடியவில்லை என்றேன்.

"நிச்சயமாத் தெரியலையா?"

"இல்ல சார். ஏழு மாதிரி இருக்கு. ஆனா நிச்சயமில்ல."

"அப்ப ரெண்டையும் எழுதி அனுப்புங்க" என்றார். "நிச்சயமில்லைன்னும் எழுதுங்க."